கொடைக்கானல் மலைக் குதிரைகள்

கொடைக்கானல் மலைக் குதிரைகள் என்பவை பழனி மலைத்தொடரின் பாதைகளில் ஆள்களையும் பொதிகளையும் சுமந்த சவாரிக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் ஆகும். மோட்டார் சாலை வருவதற்கு முன் சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் நடந்தோ, டோலியிலோ, குதிரையிலோதான் வந்து சேர்ந்தனர். சாலை வந்தபின் குதிரை இரண்டு வேலைகளில் நிலைத்தது. சாலையில்லாத மலைக்கிராமங்களுக்குப் பொதி சுமப்பது ஒன்று. ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வது மற்றொன்று.

குதிரையுலகின் வெற்றி என்றால் பந்தயக் கோப்பையும் பதக்கமும் நினைவுக்கு வரும். பழனி மலையில் அதற்கு வேறு அளவுகோல் இருந்தது. ஏறியவர் விழாமல் ஊர் சேர்ந்தாரா, பொதி நனையாமல் வந்ததா, மறுநாள் ஏற்றத்துக்குக் குதிரை நலமாக இருக்கிறதா என்பவையே அந்த அளவுகோல். இந்த மூன்றும் குதிரையைப் பேணுபவரின் கையில் இருந்தன.

தமிழகமும் குதிரையும்

தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரமும் நிறைந்த தட்பவெப்பம் உயர்சாதிக் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதாக இருந்ததில்லை. ஆனால் குதிரையின் மீதான மதிப்பு மிகப் பழையது. பரி, புரவி, மா, இவுளி என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. சேரரின் குதிரை பாடலம், சோழரின் குதிரை கோரம், பாண்டியரின் குதிரை கனவட்டம் என்று மரபு கூறும். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனோடு போரிட்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்று பெயர். ஏறுபவனும் ஏறப்படுவதும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டதை இவ்விரு வள்ளல்களின் வரலாற்றில் காணலாம்.

குதிரைகள் கடல் வழியாக வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்ற வணிகர்கள் வருகின்றனர். பாண்டியர் காலத்தில் இந்த வணிகம் உச்சத்தை எட்டியது. ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இறக்குமதியானதாகவும், ஒரு குதிரைக்கு 220 பொற்காசுகள் விலையாக இருந்ததாகவும் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் எழுதியுள்ளார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம் எனினும் வணிகத்தின் அளவை அது காட்டுகிறது. அரசனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையும், நரியைப் பரியாக்கிய திருவிளையாடலும் மதுரை வட்டாரத்தில் இன்றும் திருவிழாவாக நினைவுகூரப்படுகின்றன.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ இந்த வணிகத்தின் மறுபக்கத்தைப் பதிவு செய்தார். ஆண்டுதோறும் வாங்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை விரைவிலேயே இறந்தன என்றும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் நாட்டில் இல்லாததே காரணம் என்றும் அவர் கூறுகிறார். அவற்றுக்கு இறைச்சி கலந்த சோறு ஊட்டப்பட்டதாகவும் எழுதியுள்ளார். இது ஒரு வெளிநாட்டுப் பயணியின் பார்வை என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் அவர் சுட்டிய உண்மை எளியது: செல்வம் இருந்தால் குதிரையை வாங்கிவிடலாம், அதை வாழவைக்க அறிவும் பொறுமையும் வேண்டும்.

அந்த அறிவு பின்னர் தமிழகத்தில் சேர்ந்தது. குதிரையின் இலக்கணம், நோய், மருத்துவம் ஆகியவற்றைக் கூறும் சுவடிகள் அரண்மனைகளில் தொகுக்கப்பட்டன. நகுலர் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952இல் நூலாக வெளியிட்டது. ஏட்டில் ஏறாத அறிவு குதிரைக்காரர், லாடக்காரர் குடும்பங்களில் கைவழக்கமாகத் தொடர்ந்தது.

மலையடிவாரத்துக் குதிரை வீரர்கள்

பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ளது விருப்பாச்சி. 18ஆம் நூற்றாண்டில் இது கோபால் நாயக்கரின் பாளையமாக இருந்தது. 1772இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார், திண்டுக்கல் சீமைக்கு வந்து விருப்பாச்சியில் அடைக்கலம் பெற்றார். இளமையிலேயே குதிரையேற்றமும் படைக்கலப் பயிற்சியும் பெற்றவர் அவர்.

திண்டுக்கல் அப்போது மைசூரின் ஆட்சியில் இருந்தது. ஐதர் அலி அரசுரிமை பெறுவதற்கு முன் திண்டுக்கல்லில்தான் படைத்தலைவராகப் பணியாற்றினார். அவருடைய துணையோடு வேலு நாச்சியார் குதிரைப் படையும் காலாட்படையும் திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். எட்டு ஆண்டுக் காத்திருப்பின் பெரும்பகுதி இம்மலையின் நிழலில் கழிந்தது. ஆங்கிலேயரை எதிர்த்த கோபால் நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் இப்பகுதியில் போர்க்குதிரைகளின் காலம் முடிந்தது. அடுத்த நூற்றாண்டில் குதிரை ஏறியது போர்க்களத்துக்கன்று, மலைக்கு.

மலை ஏறிய பாதைகள்

1821இல் பி. எஸ். வார்டு என்ற ஆங்கிலேய அளவையாளர் பழனி மலையை அளக்க வந்தார். அவர் தங்கிய இடம் தென்சரிவில் உள்ள வெள்ளகவி. அங்கிருந்து மேலே ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் பகுதியை அவர் அளந்தார். 1834இல் மதுரைத் துணை ஆட்சியர் ராட்டனும், சென்னை வருவாய் வாரிய உறுப்பினர் காட்டனும் தேவதானப்பட்டி வழியாக ஏறிச் செண்பகனூர் அருகே சிறு மாளிகை ஒன்றைக் கட்டினர். 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பிக் குடியேறியதோடு கொடைக்கானல் ஊரானது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் 1863இல் ஏரி உருவானது.

இந்த ஊருக்குப் போகும் முதன்மைப் பாதை பெரியகுளம் அருகே கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் தொடங்கியது. அங்கிருந்து செண்பகனூர் வழியாகக் கொடைக்கானல் வரை ஏறத்தாழ 12 மைல் ஏற்றம். சமவெளியின் புழுக்கத்தில் தொடங்கும் பயணம் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் சோலைக் காடுகளின் குளிரில் முடிந்தது. 1875இல் சென்னை – திருநெல்வேலி இருப்புப் பாதையில் அம்மையநாயக்கனூர் அருகே கொடைக்கானல் ரோடு நிலையம் அமைந்தபின் பயணிகள் அங்கு இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரத்துக்கு வந்து, பிறகு மலை ஏறினர்.

ஏறும் முறையிலேயே சமூகத்தின் படிநிலை தெரிந்தது. வசதி படைத்த ஆண்கள் குதிரையில் ஏறினர். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் பெரும்பாலும் டோலியிலும் நாற்காலியிலும் சுமக்கப்பட்டனர். பெட்டிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் சுமைகூலிகளின் தலையில் சென்றன. அந்தப் பாதைக்கே ஆங்கிலேயர் கூலிகளின் பெயரை வைத்தனர். குதிரையில் அமர்ந்தவரோடு குதிரைக்காரரும் நடந்தே மலை ஏறினார். செங்குத்தான வளைவில் கடிவாளத்தைப் பிடித்ததும், லாடம் கழன்றால் நிறுத்தியதும், உச்சியில் சேணத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்ததும் அவர்தான். பயணக் குறிப்புகளில் ஏறியவரின் பெயர் இருக்கிறது. உடன் நடந்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை.

1872இல் கோக்கர் என்ற படை அதிகாரி மலை விளிம்பில் அமைத்த நடைபாதை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1895இல் செண்பகனூரில் இயேசு சபையினரின் குருமடம், 1899இல் சூரிய ஆய்வகம், 1901இல் பன்னாட்டுப் பள்ளியாக இன்று விளங்கும் பள்ளி ஆகியவை நிறுவப்பட்டன. இவை எல்லாம் மோட்டார் சாலைக்கு முந்தியவை. கொடைக்கானலின் பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் மனிதத் தோளும் விலங்கின் முதுகும் சுமந்து வந்தவற்றால் எழுந்தன.

உதகையும் கொடைக்கானலும்

அதே காலத்தில் வளர்ந்த நீலகிரியின் உதகமண்டலத்தில் குதிரை வேறு விதமாக வாழ்ந்தது. விரிந்த புல்வெளிகள் இருந்ததாலும், சென்னை அரசின் கோடைக்காலத் தலைநகராக இருந்ததாலும் வேட்டைநாய்களோடு குதிரையில் நரி துரத்தும் விளையாட்டு அங்கு வேரூன்றியது. 1886 முதல் குதிரைப் பந்தயமும் நடந்தது. சென்னை கிண்டியில் 18ஆம் நூற்றாண்டிலேயே பந்தயம் தொடங்கிவிட்டது. இவற்றில் குதிரை உடையவரின் செல்வாக்குக்கும் ஓட்டியவரின் திறமைக்கும் கோப்பை சான்றானது.

கொடைக்கானல் அரசின் தலைநகராக இருந்ததில்லை. மறைப்பணியாளர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் தங்கிய சிற்றூராகவே அது வளர்ந்தது. உதகையைப் போன்ற பந்தய மைதானம் அங்கு நிலைபெறவில்லை. அதனால் இங்குள்ள குதிரை பெரும்பாலும் உழைக்கும் குதிரையாகவே இருந்தது. வேகம் அதற்குப் பெருமை சேர்க்கவில்லை. சறுக்கும் பாறையில் குளம்பு ஊன்றி நிற்பதே அதன் பெருமை.

சாலை வந்தபின்

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலை 1914இல் முடிவடைந்தது. அதை வகுத்த மேஜர் லா என்பவரின் பெயரால் அது லாஸ் காட் எனப்பட்டது. மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியதும் பழைய குதிரைப் பாதையில் நெரிசல் குறைந்தது. டோலி தூக்குவோருக்கும் குதிரைக்காரருக்கும் அடிவாரத்திலிருந்து உச்சி வரை கிடைத்துவந்த பிழைப்பு படிப்படியாக மறைந்தது. ஒரு வசதி வரும்போது அதற்கு முந்திய தொழில் சுருங்குவதை இம்மலை அப்போதே கண்டது.

ஆனால் சாலை எல்லா ஊருக்கும் போகவில்லை. பழனி மலையின் தென்சரிவில் வெள்ளகவி, சின்னூர், பெரியூர் போன்ற ஊர்கள் நெடுங்காலம் சாலையின்றி இருந்தன. காப்பி, மிளகு, ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற விளைச்சலைக் கீழே கொண்டுவரவும், அரிசியும் உப்பும் எண்ணெயும் மேலே கொண்டுசெல்லவும் குதிரைகளே துணையாயின. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவரும் நிலை 21ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. தேர்தல் காலங்களில் வெள்ளகவிக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை முதுகில் சென்றன. 1821இல் வார்டு மலையை அளக்கத் தங்கிய அதே ஊருக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் குதிரை தேவைப்பட்டது.

பொதி சுமக்கும் விலங்குகளுக்கு இந்தியச் சட்டம் வரம்பு விதித்துள்ளது. 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி ஒரு மட்டக்குதிரை 70 கிலோவும், கோவேறு கழுதை 200 கிலோவும், கழுதை 50 கிலோவும் மட்டுமே சுமக்கலாம். நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. நல்ல குதிரைக்காரர் இந்த வரம்பைத் தம் அனுபவத்தாலேயே அறிவார். ஒரு நாள் கூடுதல் பொதி ஏற்றி முதுகில் புண் வந்தால் பல நாள் வருமானம் போய்விடும்.

ஏரிக்கரைச் சவாரி

சுற்றுலா பெருகியபோது குதிரைக்கு ஏரிக்கரையில் புதிய வேலை கிடைத்தது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஏரிச் சாலையில் படகு, மிதிவண்டி ஆகியவற்றோடு குதிரைச் சவாரியும் கொடைக்கானலின் அடையாளங்களில் ஒன்றானது. தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளை முதன்முதலில் குதிரையைத் தொட்டதும் ஏறியதும் இந்தக் கரையில்தான். அதற்கு முன் அவர்கள் கண்ட குதிரை பெரும்பாலும் ஐயனார் கோயிலின் மண் புரவிதான்.

சவாரி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் நாள் முழுதும் நீளும் வேலை இருக்கிறது. விடியலில் புல்லும் தவிடும் ஊறவைத்த கொள்ளும் வைக்க வேண்டும். குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க வேண்டும். சேணம் படும் இடத்தில் தடிப்போ புண்ணோ உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். மழையும் பனியும் மிகுந்த இம்மலையில் குளம்பு ஈரத்தில் ஊறி மென்மையாகிவிடும். தங்குமிடம் காய்ந்திருக்க வேண்டும். குளம்பு நகம் போல வளர்வதால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்ற வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே கெட்ட தீனியால் வரும் வயிற்றுவலி அதன் உயிரையே பறிக்கக் கூடும்.

தொழிலின் நெருக்கடியும் இங்குதான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் குவியும். மழைக்காலத்தில் கரை வெறிச்சோடும். குதிரை இரண்டு காலத்திலும் ஒரே அளவு தின்னும். கூட்ட நாளில் ஓய்வின்றி ஓட்டி வருமானத்தைப் பெருக்கினால் குதிரை தளர்ந்துவிடும். ஓய்வு கொடுத்தால் அன்றைய காசு குறையும். இந்தத் தராசில் எந்தப் பக்கம் சாய்வது என்பதில் குதிரைக்காரரின் நேர்மை வெளிப்படும். ஏறும் பயணிக்கும் இதில் பங்குண்டு. சிறிய மட்டக்குதிரையில் பருத்த உடலோடு ஏறாமல் இருப்பதும், புண்ணுள்ள குதிரையை மறுப்பதும், விரட்டச் சொல்லாமல் இருப்பதும் அவர் செய்யக்கூடியவை.

சவாரிக் கலை

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பது பழமொழி. மனிதரைக் கேலி செய்யச் சொல்லப்படும் இது குதிரையைக் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்னது. குதிரை இயல்பில் அஞ்சி ஓடும் விலங்கு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்க்கும். நேர் பின்புறம் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து நெருங்கக் கூடாது. தோளருகே வந்து, குரல் கொடுத்து, தொட்டுப் பழக வேண்டும்.

ஏறியபின் பாதத்தின் முன்பகுதி அங்கவடியில் இருக்க, குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். பார்வை குதிரையின் தலையில் அல்லாமல் போகும் வழியில் இருக்க வேண்டும். ஏற்றத்தில் உடலைச் சற்று முன்னே சாய்த்தால் குதிரையின் முதுகுக்குப் பாரம் குறையும். கடிவாளத்தை முரட்டுத்தனமாக இழுப்பது அதன் வாயை நோகச் செய்யும். ஓரளவு கற்றவர் கைகளால் ஓட்டுவார். நன்கு கற்றவர் உடலின் சமநிலையாலேயே ஓட்டுவார். இந்த நிலைக்கு வர ஆண்டுகள் ஆகும். குதிரையேற்றம் தரும் நிறைவு என்று அதில் ஈடுபட்டவர்கள் சொல்வது இதைத்தான்: தன்னைவிட வலிமையான ஓர் உயிர் அச்சத்தால் அல்லாமல் நம்பிக்கையால் தன்னோடு வருவது.

விளையாட்டு உலகில்

குதிரையேற்றத்தில் இந்தியாவின் வெற்றிகளும் இதையே காட்டுகின்றன. 1982 தில்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வென்றார். அதற்குப் பின் தனிநபர் பதக்கத்துக்கு 36 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2018இல் பெங்களூருவைச் சேர்ந்த பவாத் மிர்சா வெள்ளி வென்றார். சீனியோர் மெடிகாட் என்ற அதே குதிரையோடு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டு 23ஆம் இடம் பெற்றார். 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகியோரின் அணி நடைப்பயிற்சிப் பிரிவில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் சமமாக மோதும் விளையாட்டும் இதுவே. அங்கு உடல் வலுவைவிட விலங்கோடு கொண்ட இணக்கமே முடிவு செய்கிறது.

இந்த உச்சிக்குச் செல்லப் பெரும் பொருள் வேண்டும். பயிற்சி பெற்ற குதிரையின் விலையும் ஐரோப்பாவில் தங்கிப் பழகும் செலவும் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதவை. எனினும் பதக்கக் குதிரைக்கும் ஏரிக்கரை மட்டக்குதிரைக்கும் குளம்பும் வயிறும் முதுகும் ஒன்றுதான். இரண்டையும் காலையில் முதலில் பார்ப்பவர் அதைப் பேணுபவரே.

மதிப்பீடு

பாண்டியர் பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகள் பேணுவாரின்றி மடிந்ததாக மார்கோ போலோ எழுதினார். வெள்ளகவியின் மட்டக்குதிரைகளோ விலை குறைந்தவை. பேணத் தெரிந்தவர்களிடம் இருந்ததால் தலைமுறைகளாக மலை ஏறின. கொடைக்கானலின் வரலாற்றில் ஏரியை அமைத்தவரின் பெயரும் சாலை வகுத்தவரின் பெயரும் நிலைத்துள்ளன. 1845 முதல் 1914 வரை அந்த ஊருக்கு வந்தவர்களில் பலரைக் கடிவாளம் பிடித்து மேலே கொண்டுவந்த குதிரைக்காரர்களின் பெயரில் அங்கு பாதை எதுவும் இல்லை. அவர்களின் தொழில்வழி வந்தவர்கள் இன்றும் ஏரிக்கரையில், பிறர் பிள்ளைகள் அமர்ந்த குதிரையின் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறார்கள்.